காதர் பாயும் சைசுச் சீட்டும்

அன்று காலையில் காதர் பாய்க்கென்று ஒரு கிண்டலைத் தயார் செய்து வைத்திருந்தேன். முந்தின நாள் தாடிக்கு மருதாணி போட்டுக்கொண்டவர் மூக்கு நுனியிலும் கொஞ்சம் பூசிக்கொண்டுவிட்டார். மூக்கு மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது. "ஏனுங்க பாய், மூக்குக்கு மட்டும் நிக்காஹ் பேசியாச்சுங்களா?" என்று டீ நேரத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்க வேண்டும். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன்.

டீக்கு மணி அடிப்பதற்கு முன்னால் மேஸ்திரி வந்து என் மிஷினை நிறுத்தினார்.

"சுப்பு, ஊட்டுக்குப் போ. பாய் போயிட்டாரு."

"எங்கீங்க போனாரு?" என்று கேட்டேன். அப்போதும் சிரிப்பு முகத்தில்தான் இருந்தது. விடியற்காலைத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று மேஸ்திரி சொன்ன பிறகும், அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் கம்பெனியின் இந்த நினைவு மலரைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். பேக்கிங் மேசையில் பனியனை மடித்து, உள்ளே அட்டை கொடுத்து, டப்பாவில் அடுக்கி மூடுகிறவர். எதிரே யார் நின்றாலும் அளவெடுக்கிற மாதிரி மார்பை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். கம்பெனிக் காதர் பாயை நீங்கள் அறிவீர்கள். வீட்டுக் காதர் பாயைப் பற்றி எழுத நான்தான் இருக்கிறேன். மண்ணரையில் எங்கள் லைன் வீட்டில் அவருக்கும் எனக்கும் ஒரே சுவர். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்தில் பிசிறு இருந்தால் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

அவர் சம்சாரம் இறந்தபோது மகள் நூருக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு பாய்க்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்குப் போக மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டும், நூல் ஏற்றிய லாரி வரும், பிள்ளை குறுக்கே ஓடும் என்று அவராகவே நினைத்து அவராகவே நடுங்குவார். அதனால் நூரு பள்ளிக்கூடம் போகவில்லை. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பியதும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருப்பாள்.

பிள்ளை பகலெல்லாம் என்ன செய்யும்? பாய் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பனியனில் ஒட்டுகிற சைசுச் சீட்டுகளில் அச்சுச் சாய்ந்தது, மை பரவியது எல்லாம் குப்பைக்குப் போகும். முதலாளியிடம் கேட்டு அதை எடுத்து வந்தார். கிழிந்த டப்பா அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, மைதா பசை காய்ச்சி, ஒவ்வொன்றிலும் ஒரு சைசை ஒட்டினார். முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து என்று நூறு வரைக்கும் ஒவ்வொரு சைசிலும் ஏழெட்டுச் சீட்டு. சீட்டைக் கலைத்துப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் முப்பத்தைந்தை இறக்கினால் அடுத்தவர் நாற்பதை இறக்க வேண்டும். கையில் இல்லாவிட்டால் முறை போச்சு. யார் கை முதலில் காலியாகிறதோ அவர் ஜெயித்தார்.

பள்ளிவாசலில் யாரோ, "என்ன பாய், உங்கூட்ல சீட்டாட்டம் நடக்குதாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமாங்க. பந்தயம் வெச்சுத்தான். தோத்தவங்க ஒரு கொடம் தண்ணி எடுத்தாரோணும்" என்றாராம்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நூரு தனியாக உட்கார்ந்து இரண்டு கையிலும் சீட்டு வைத்திருந்தாள்.

"யாரு கூட கண்ணு ஆடறே?"

"அத்தா கூடங்க மாமா."

"அவருதான் கம்பெனில இருக்காரே."

"இந்தக் கை அத்தாங்க" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

சாயங்காலம் பாய் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "இன்னைக்கு நான் என்ன ஆனேன் கண்ணு?"

"தோத்துட்டீங்க அத்தா."

"நேத்தும் தோத்தனே!"

"நீங்க நெனப்பா ஆடறதில்லீங்க."

அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவார். ஆடாத ஆட்டத்துக்குத் தண்ணீர் எடுத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நூருக்கு எட்டு வயதானபோது கணியூரிலிருந்து அவள் பெரியம்மா வந்தார். நல்ல மனுசி. நாலு பிள்ளைகளோடு கலகலவென்று இருக்கிற வீடு அவருடையது. வந்தவர் இரண்டு கையாலும் ஆடுகிற பிள்ளையைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மச்சான், புள்ளைய இப்பிடிப் பூட்டி வெச்சா வளப்பீங்க? நான் கணியூருக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்க புள்ளைகளோட படிக்கட்டும்."

பாய் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளும் போயிட்டா நான் எந்த ஊட்டுக்கு வாரதுங்க மச்சி?" என்றார்.

கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. அவள் வயதுப் பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டால் நூரு இங்கேயே இருக்கலாம். சேர்க்காவிட்டால் கணியூர்.

மறுநாள் நாங்கள் எல்லோரும் தலைமை வாத்தியார் முன்னால் நின்றோம். பாய்க்குத் தைரியம் சொல்வதற்கென்று நானும் போயிருந்தேன். வாத்தியார் நூருவை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னார். பனியன் டப்பா மேல் உள்ளதையெல்லாம் படித்துப் பழகியவள்தானே, கடகடவென்று படித்தாள். பாய் என் கையைக் கிள்ளினார். அடுத்து வாத்தியார் எண்ணச் சொன்னார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் தடங்கல் இல்லாமல் சொல்லிவிட்டு நின்றாள்.

"பன்னெண்டுக்கு அப்புறம்?"

"டப்பாவை மூடிரோணுங்க சார்."

வாத்தியாருக்குப் புரியவில்லை. "சரி, எண்பதுக்கு அப்புறம் என்ன?"

"எண்பத்தஞ்சுங்க சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசித்தாள். "எண்பத்தஞ்சுதானுங்க. அப்புறம் தொண்ணூறு. அதுக்கு மேல குண்டானவங்களுக்கு."

நானும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் சொன்னதில் எது தப்பு என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. எண்பதுக்குப் பிறகு எண்பத்தைந்துதான் என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். ஒரு டஜன் ஆனால் டப்பாவை மூடுகிறவர்கள். பெரியம்மாதான் முதலில் மெல்லச் சொன்னார்: "நடுவுல நாலு நம்பர் இருக்குதுங்க மச்சான்."

வாத்தியார் சிரித்துவிட்டார். ஆனால் ஒன்றாம் வகுப்பில்தான் போட முடியும் என்றார். நான் உள்ளே புகுந்து, படிப்பு வருகிறதே, கணக்குக்கு மட்டும் ஒரு வாரம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "அடுத்த திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார். பெரியம்மாவும் அதுவரைக்கும் இருந்து பார்த்துவிட்டே போவதாகச் சொன்னார். அவர் பையை மட்டும் பிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாய் மறுபடியும் அட்டை வெட்ட உட்கார்ந்தார். பனியன் இல்லாத நம்பருக்கெல்லாம் சீட்டு வேண்டும். அதற்கு அச்சடித்த சைசு எங்கே கிடைக்கும்? அவரே மையால் எழுதினார். ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டு, சைசு நம்பருக்கெல்லாம் கட்டம் நிரப்பிவிட்டு, இடையில் உள்ளதைக் காலியாக விட்டார். இடை நம்பர் யார் கைக்கு வருகிறதோ அவர் அதைச் சத்தமாகச் சொல்லிக் கட்டத்தில் வைக்க வேண்டும். இதுதான் புது ஆட்டம்.

நூருக்கு அது பிடிக்கவில்லை. "எண்பத்தொண்ணுன்னு பனியனே இல்லீங்களே அத்தா. அப்புறம் அது எதுக்கு?"

பாய் கொஞ்சம் யோசித்தார். "பனியன் இல்லீனா என்ன கண்ணு, ஆளு இருக்காங்கல்ல? எண்பத்தொண்ணு நம்ம பால்காரம்மா. எண்பத்திரெண்டு சோடாக்கடைக்காரரு. எண்பத்திமூணு..." என்று சொல்லி, என் மார்பை ஒரு தரம் அளந்து பார்த்துவிட்டு, "எண்பத்திமூணு நம்ம சுப்பு மாமா" என்றார்.

அப்படியே தெருவில் உள்ளவர்களையெல்லாம் கட்டத்துக்குள் குடி வைத்தார். பெரியம்மாவுக்குத் தொண்ணூற்றேழு கொடுத்தார். அந்தம்மா கோபித்துக்கொண்டு, பிறகு தானும் உட்கார்ந்து ஆடினார்.

பிள்ளை தூங்கிய பிறகு நான் சண்டைக்குப் போனேன். "ஏனுங்க பாய், என்னைய எதுக்குங்க எண்பத்திமூணுல போட்டீங்க?"

"எண்பது போட்டா உனக்குப் புடிக்குது. எண்பத்தஞ்சு போட்டா தொங்குது. இத்தனை வருசமா பாக்கறனே."

"அதனாலதான் எனக்குப் பொண்ணும் அமையலீங்களா?"

அவர் சிரிப்பார் என்று நினைத்துத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பசைக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சைசுல வராதவனும் தெருவுல இருக்கானில்லப்பா? அவனை உட்டுட்டு எண்ணுனா கணக்கு எப்பிடி வரும்?"

நான் ஏதோ கேலி சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குச் சமைக்கவில்லை.

திங்கட்கிழமை வாத்தியார் வேறு எதுவும் கேட்கவில்லை. "எண்பதுக்கு அப்புறம்?" என்றார்.

நூரு கண்ணை மூடிக்கொண்டாள். "எண்பத்தொண்ணு பால்காரம்மா, எண்பத்திரெண்டு சோடாக்கடை மாமா, எண்பத்திமூணு சுப்பு மாமா..."

"யாரும்மா அது சுப்பு மாமா?"

கதவோரம் நின்ற நான், வகுப்பில் பெயர் கூப்பிட்ட மாதிரிக் கையைத் தூக்கினேன். "நான்தானுங்க சார்." வாத்தியார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு பேனாவைத் திறந்து மூன்றாம் வகுப்பில் எழுதிக்கொண்டார். பாய் வெளியே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பெரியம்மா அன்றைக்கு மத்தியான பஸ்ஸுக்குத் தனியாகவே கிளம்பினார். "மச்சான், நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றார். அதற்குப் பிறகு பல நாள் பாய் ரோட்டைத் தாண்டுகிற வரைக்கும் நூருவின் கையை விடவேயில்லை.

நூரு வளர்ந்தாள். அந்தப் பெரியம்மாவே பார்த்த மாப்பிள்ளைக்கு, அந்தக் கணியூருக்கே வாழ்க்கைப்பட்டுப் போனாள். கல்யாணச் சீரோடு பாய் ஒரு புதுச் சீட்டுக்கட்டும் செய்து கொடுத்தார். பழைய கட்டு அவரிடமே தங்கியது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும்தான் ஆடினோம். தலை நரைத்த இரண்டு பேர் குழந்தை ஆட்டம் ஆடுகிறார்கள் என்று லைன் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர் மகளிடம் ஆடும்போது சீட்டை முழங்காலுக்குக் கீழே ஒளித்து வைத்துத் தோற்பார். என்னிடம் அதே சீட்டை அதே முழங்காலுக்குக் கீழே ஒளித்து வைத்து ஜெயிப்பார். நான், "கள்ளாட்டம்ங்க பாய்!" என்று கத்துவேன். "ஆட்டம்னு ஒண்ணு நடந்துச்சில்லப்பா, அப்புறமென்ன?" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான். அதைக் கேட்பதற்காகவே நான் கத்தினேன் என்பது அவருக்கும் தெரியும்.

அடக்கத்துக்குத் தூக்கிப் போகையில் நானும் தோள் கொடுத்தேன். மூக்கில் மருதாணி அப்படியே இருந்ததை முகம் பார்த்தபோது கவனித்தேன்.

நூரு சாமான்களை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தபோது பழைய கட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "எங்க ஊட்ல ஒண்ணு இருக்குதுங்க மாமா. இது உங்களுக்குத்தான். எம்பையன் எண்பத்திமூணு வந்தா 'சுப்பு மாமா'ன்னு சத்தம் போட்டுத்தான் வெக்கிறானுங்க. உங்க மொகம்கூட நெனப்பில்லீங்க அவனுக்கு."

"அடப்பாவி, மரியாதையில்லாம! தாத்தான்னு சொல்லச் சொல்லு" என்றேன். அவள் சிரித்தாள். அழுகைக்கு நடுவே ஒருவரைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரியும். அது ஒன்றுதான் தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது வேறு குடித்தனம் வந்துவிட்டது. பாயிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கட்டு. அதில் மை மங்கிய எண்பத்திமூணும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சீட்டைக் கலைத்து இரண்டு பங்காகப் போடுகிறேன். வலது கை எனக்கு, இடது கை அவருக்கு. போன வாரம் இடது கைதான் ஜெயித்தது. குடத்தை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்து வந்து வைத்தேன். பிறகு, "கள்ளாட்டம்ங்க பாய்!" என்று சத்தமாகவே சொன்னேன்.

பதில் வரவேண்டிய நேரம் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டு, சீட்டைக் கலைத்தேன்.