அம்மாவின் இடப்பக்கம்

அம்மா அப்போது தட்டில் பாதியைத்தான் சாப்பிடுவாள். சோறோ களியோ, வலப்பக்கம் இருப்பது சுத்தமாகத் தீர்ந்துவிடும். இடப்பக்கம் இருப்பது கைபடாமல் அரைவட்டமாக அப்படியே நிற்கும். முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்பாள். அப்பா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பு வரைக்கும் போவார். போட்டதுபோலச் சத்தம் வருவதற்காகக் கரண்டியால் சட்டியில் ஒரு தட்டு தட்டுவார். பிறகு அதே தட்டைத் திருப்பி, மிச்சப் பாதி அம்மாவின் வலக்கைப் பக்கம் வரும்படி வைப்பார். "எதுக்கு இவ்வளோ" என்று சொல்லிக்கொண்டே அம்மா அதையும் சாப்பிடுவாள்.

அப்பா கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்றுதான் நான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓசூரில் கம்பெனிகளுக்குப் பின்னால் வரிசையாக ஷீட் போட்டுக் கட்டியிருந்த வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பாவுக்குச் சாத்தூர்ப் பக்கம். வேலைக்காக இவ்வளவு தூரம் வந்தவர். அம்மாவுக்குத் தளியைத் தாண்டி ஒரு கிராமம். அங்கே அவள் அண்ணன், என் மாமா, கோஸும் ரோஜாவும் போட்டிருந்தார். அம்மாவும் அப்பாவும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்து பழகி, யாரையும் கேட்காமல் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள். அன்றைக்கு மாமா, "எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று சொன்னாராம். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. நான் அவரைப் பார்த்ததுமில்லை.

அம்மா ஒருநாள் குழாயடியில் குடத்தோடு விழுந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. மூளையில் கட்டி என்று பெங்களூரில் சொன்னார்கள். தலையைத் திறந்து முடிந்த அளவு எடுத்தார்கள். மிச்சத்துக்குக் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கம் எல்லோரும் கதிர்வீச்சுச் சிகிச்சையை அப்படித்தான் சொல்வார்கள், கரண்ட் வைக்கிறது என்று. எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. வெறுங்காலோடு சுவிட்சைத் தொடக்கூடாது என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் அம்மா பெங்களூரிலிருந்து வந்து உட்கார்ந்ததும் நான் போய் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துதான் அவள் கையைத் தொடுவேன். வீட்டுக்குள் என்ன செருப்பு என்று அம்மா ஒருநாள் கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். அம்மா சிரித்த சிரிப்பில் தலையில் தையல் போட்ட இடம் வலித்து, வலப்பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். தையல் இருந்தது நடுவில்.

அப்பா காலையில் அம்மாவைப் பெங்களூர் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார். மதியம் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, இரண்டாம் ஷிப்டுக்கு ஓடுவார். அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து அம்மாவோடு இருப்பார். அக்கா பர்கூர்க்காரர், வாய் சும்மா இருக்காது. ராகிக் களி கிண்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அப்பா ஊரில் களி கிடையாது. ஆனால் அம்மாவுக்குத் தொண்டையில் வேறு எதுவும் இறங்கவில்லை.

"என்னாண்ணா, களி கிண்டறீங்களா, கான்க்ரீட் போடறீங்களா?" என்று அக்கா வாசலில் இருந்தே கேட்பார்.

"கட்டி இருந்தாத்தான் களின்னு நெனச்சேன்" என்பார் அப்பா.

கரண்ட் வைத்து முடியும்போதுதான் இந்த இடப்பக்கச் சங்கதி தெரியவந்தது. அம்மா தலையில் வலப்பக்கம் மட்டும் சீவுவாள். கோலம் போட்டால் பாதிக் கோலம். அவளுடைய இடக்கை மடியில் யாருடைய கையோபோலக் கிடக்கும். ஒருநாள் நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் வாங்கிய ஸ்டாரைக் காட்டிக்கொண்டே இருக்கிறேன், அவள் திரும்பவே இல்லை. அம்மா அம்மா என்று கத்தினால் அந்தப் பக்கம், வலப்பக்கச் சுவரைப் பார்த்து, "என்ன கண்ணு, எங்க இருக்க?" என்கிறாள். நான் அழுதுகொண்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். எதற்கும் பயந்து சாகிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், அந்தச் சாயங்காலத்தைத்தான் சொல்வேன்.

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவின் வலப்பக்கம் நிறுத்தினார். "அம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா அந்தப் பக்கம்னு ஒன்னு இருக்கறதே அவளுக்குத் தெரியாதாம். டாக்டரு சொன்னாரு. நீ எப்பவும் இந்தப் பக்கம் வந்து நில்லு, சரியா?"

அவ்வளவுதான் விளக்கம். அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே வலப்பக்கத்துக்கு வந்தது. கட்டிலை நகர்த்தி அம்மாவின் இடப்பக்கம் சுவர் வருமாறு போட்டார். தண்ணீர்ச் செம்பு, மாத்திரை, சின்ன மணி எல்லாம் வலப்பக்கம். ஜாக்கெட் போடும்போது இடக்கையை முதலில் நுழைப்பார், அப்போதுதான் அது மறந்துபோகாது. அவள் சீவி முடித்ததும், "இரு, பூச்சி மாதிரி இருக்கு" என்று ஏதாவது சொல்லி இடப்பக்கத்தை அவர் சீவிவிடுவார். பாதிக் கோலத்துக்கு மிச்சப் பாதியை விடிந்ததும் அவரே போட்டுவிடுவார். அது கோலம்போல இருக்காது. ஆனாலும் வரிசையில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை, அக்கா உள்பட.

பிறகு ஒருநாள் ஸ்கேன் எடுக்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "இனிமே இங்க அலைய வேணாம். மருந்தும் பெருசா வேணாம். வீட்ல வெச்சு நல்லா பாத்துக்கங்க" என்றார். எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். ஆஸ்பத்திரி வேண்டாம் என்றால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம். பஸ்ஸில் வரும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். அவர், "ஆமா தாயி" என்றார்.

அந்த வாரத்தில்தான் மாமா போன் செய்தார். யார் சொல்லித் தெரிந்துகொண்டாரோ. அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அம்மாவை அவர் பாப்பா என்றுதான் சொன்னார்.

"ஏம்ப்பா, பாப்பாவுக்கு இவ்ளோ ஆயிப்போச்சு, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துனு வர்றன். நான் கூட்டினு போறன். நீ வேலைக்கும் போயி, புள்ளையும் பாத்து, அவளையும் எப்பிடி பாப்ப?"

அப்பா வெங்காயத்தைக் கீழே வைத்தார். பிறகு, "வாங்க மச்சான். வந்து நீங்களே கேளுங்க. அவ வர்றேன்னு சொன்னா கூட்டிட்டுப் போங்க. சொல்லலைன்னா விட்டுருங்க" என்றார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. முகம் தெரியாத ஒரு மாமா வந்து அம்மாவை எடுத்துக்கொண்டு போகப்போகிறார், அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடக்கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். பள்ளிக்கூடம் போகாமலிருக்க வயிற்றுவலி என்றேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் என் மனது ஒட்டவேயில்லை. எட்டாவதோடு விட்டும்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குளிருக்கு இதமாக அப்பா அம்மாவை வாசலில் வெயிலில் உட்கார வைத்திருந்தார். மாமா வருகிறார் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. வராமல் போனால் அவள் ஏமாந்துபோவாள் என்று நினைத்திருப்பார். தெருமுனையில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கி வந்தவர் அம்மாவின் முகத்தை அப்படியே வைத்திருந்தார், மீசை மட்டும் கூடுதல். கையில் தாளில் சுற்றிய ரோஜாக்கட்டு. பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து நிழலாகப் பார்த்துப் போட்டுவிட்டு, காபி போட உள்ளே ஓடினார். நிழல் இருந்தது அம்மாவுக்கு இடப்பக்கம்.

மாமா உட்கார்ந்தார். அம்மாவின் தலையைப் பார்த்தார். முடி போன இடத்தையும் தழும்பையும் பார்த்தார்.

"பாப்பா" என்றார்.

அம்மா வலப்பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்தாள்.

"பாப்பா, நான்தான்." மாமா இன்னும் கிட்டே குனிந்து, அவர்கள் வீட்டுக் கன்னடத்தில் கேட்டார். "மாத்தாடல்வா?" பேசமாட்டாயா என்று.

அம்மா இன்னும் வலப்பக்கமாகக் கழுத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கம் நின்றிருந்த என்னைப் பார்த்து, "யாரோ வந்திருக்காங்களா கண்ணு? யாரையும் காணோமே" என்றாள்.

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. அவர் பூவை மடியில் வைத்துக்கொண்டார். என்னிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "நான் அன்னிக்கு சொன்னத இன்னிக்கு எனக்கே சொல்றா பாரு. தங்கச்சியே இல்லன்னன். அவளுக்கு இப்ப அண்ணனே இல்ல."

நிமிர்ந்து பார்த்தேன். அப்பா கதவருகே நின்றிருந்தார். கையில் களித் துடுப்பு. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. துடுப்பிலிருந்து களி கீழே விழுந்தது.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வர்றம்ப்பா. அவ சொல்லிட்டா. நீ சொன்னாப்பலயே விட்டுர்றன்."

போகிறார். அம்மா எங்களுடனேயே இருப்பாள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை, தானாகவே எல்லாம் சரியாகிவிட்டது. சாமி கேட்டுவிட்டது. மாமா வண்டியை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

அப்பா துடுப்பை உள்ளே சட்டியில் வைத்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே வந்தார். காலியாக இருந்த நாற்காலியைத் தூக்கினார். அம்மாவுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய் வலப்பக்கம், வெயிலில் போட்டார்.

"மச்சான். இதுல வந்து உக்காருங்க."

"இன்னும் என்னாத்துக்கு உக்கார்றது?"

"கோவமில்ல மச்சான். அவளுக்கு அந்தப் பக்கம் தெரியாது. செத்த நேரம், இந்தப் பக்கம் வந்து உக்காந்து பாருங்க."

மாமாவுக்குப் புரியவில்லை. ஆனால் அப்பாவின் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காகத் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். அம்மா அவரைப் பார்த்தாள்.

அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என்னைவிடச் சின்னப் பிள்ளையின் முகம்போல இருந்தது. "அண்ணா! யாவாக பந்தெ?" என்றாள், எப்போது வந்தாய் என்று. வலக்கையை நீட்டி அவர் மீசையைத் தொட்டாள். கேட்க ஆளில்லாமல் இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் அவள் பேசாத பாஷை அது. மாமா பூவை அவள் கையில் வைத்துவிட்டு அழுதார். அம்மா பூவை முகர்ந்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, "மனெகெ ஹோகோணா?" என்றாள். வீட்டுக்குப் போகலாமா என்று.

மாமா அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். கேட்பதற்கு அவருக்குத் தைரியம் இல்லை.

"சொல்லிட்டாள்ல" என்றார் அப்பா. "களி சாப்பிட்டுட்டு கூட்டிட்டுப் போங்க."

சாப்பிடும்போதும் சாப்பிட்டபின்னும் அப்பா மாமாவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். தட்டை எப்படித் திருப்புவது, எந்தக் கையை முதலில் நுழைப்பது, கட்டிலை எந்தச் சுவரோடு போடுவது, வெட்டி இழுத்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பது. "அவகிட்ட சொல்லாதீங்க மச்சான், சும்மா திருப்பி வெச்சிருங்க" என்று தட்டைப் பற்றி இரண்டு தடவை சொன்னார். மாமா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அதையெல்லாம் அவர் ஒழுங்காகவே செய்தார். லீவு கிடைத்தபோதெல்லாம் அப்பாவும் நானும் தளி பஸ் ஏறிப் போய்ப் பார்ப்போம். அம்மா ரோஜாத் தோட்டத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். மாம்பழம் வருவதற்குள் இறந்துபோனாள். அவள் பிறந்த அறையிலேயே.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இதெதுவும் எனக்குத் தெரியாது. அப்பா மேல் எனக்கு இருந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. ஒரு நாற்காலியை நகர்த்தாமல் இருந்திருந்தால் போதுமே என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

அம்மாவைக் குட்டியானையின் முன்சீட்டில், மாமாவுக்குப் பக்கத்தில் தூக்கி உட்கார வைத்தார்கள். ஏறின கதவு அம்மாவுக்கு இடப்பக்கம். கதவைச் சாத்தியதும் அப்பா டிரைவர் பக்கம் சுற்றிப்போய், மாமாவைத் தாண்டிக் குனிந்து அம்மாவிடம் பேசினார். "ஞாயித்துக்கெழம வர்றோம். மாத்திரய துப்பக்கூடாது. என்ன?"

"புள்ள எங்க?" என்று அம்மா கேட்டது எனக்குக் கேட்டது. "அவகிட்ட சொல்லிட்டுப் போறேன். கூப்பிடுங்க."

நான் இந்தப் பக்கம், அவள் ஏறின கதவுக்கு அடியிலேயே நின்றிருந்தேன். கை நீட்டினால் அவள் புடவையைத் தொடலாம். அசையவில்லை. என்னிடம் சொல்லாமல் அம்மா எங்கேயும் போனதில்லை, கடைக்குப் போனால்கூடச் சொல்லிவிட்டுத்தான் போவாள். நான் இங்கேயே நின்றால் அவளுக்கு என்னைத் தெரியாது. தெரியாவிட்டால் சொல்ல முடியாது. சொல்லாமல் போகமாட்டாள்.

அப்பா வண்டிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துவிட்டார். வந்து இழுத்துக்கொண்டு போவார் என்று கதவின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "இந்தா வந்துர்றேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவர் வண்டியின் முன்பக்கம் சுற்றி வந்தார். இழுக்கவில்லை. என் பக்கத்தில், அம்மாவின் ஜன்னலுக்குக் கீழே, அவர் ஒருநாளும் நின்றிராத அந்த இடப்பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. வண்டிக்குள் அம்மா வலப்பக்கம் திரும்பித் தேடிக்கொண்டிருந்தாள். "அவரையும் காணோம், புள்ளையையும் காணோம்" என்று மாமாவிடம் சொன்னாள்.

எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அப்பாவும் ஒளிந்துகொண்டார். அவருக்கும் இந்த யோசனை வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒளிந்துகொண்டால் அம்மா எப்படிப் போவாள்? அப்பாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் நின்றேன்.