குணம் அண்ணையின் லைலாக்

திங்கட்கிழமை மதியம் குணம் அண்ணையின் மகள் சிட்னியிலிருந்து போன் எடுத்தாள். அப்பா நித்திரையிலேயே போய்விட்டார் என்றாள். எங்கள் புறநகரான த பேசினின் பிள்ளையார் கோயிலில் அவரோடு பழகிய உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? அந்த லைலாக் செடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கோயிலுக்கு வந்தவர்களைப் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், "இது தவத்தின்ர லைலாக்" என்று காட்டுவார். காலமான மனைவி தவமணி அக்கா நட்டது. கோடையில் வெள்ளையாகப் பூத்து, மூக்கைப் பொத்தவைக்கும். நீங்களும் "நல்ல வாசம் அண்ணை" என்று சொல்லித் தப்பியிருப்பீர்கள்.

செடிகள் விற்கும் நர்சரியில் வேலை செய்யும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நல்ல மணமுள்ள லைலாக்கைப் பிரிவெட் என்ற வேலிச்செடியின் வேரில் ஒட்டி விற்பதுண்டு. ஒட்டுக்குக் கீழே முளைப்பதை வெட்டாவிட்டால் பிரிவெட் மேலேறிவிடும். அக்கா நட்டதில் கத்தி படக்கூடாது என்று, அக்கா போனபின் அவர் எல்லாவற்றையும் வளரவிட்டிருந்தார். புதருக்குள் கையைவிட்டுத் தேடி, பூவரசம் இலையைச் சின்னதாக்கியதுபோல் இலைகொண்ட ஒரு மெலிந்த கிளையைக் காட்டினேன்.

"இதுதான் அண்ணை லைலாக். மற்றதெல்லாம் பிரிவெட்."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். "அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரை வளர்த்தனான்?" என்றார். அன்றே பிரிவெட்டையெல்லாம் வெட்டினோம்.

அடுத்த வருடம் இலைதான். அதற்கடுத்த வசந்தத்தில், செப்டம்பரில், வேலை நேரத்தில் போன் வந்தது. "தங்கச்சி, பூத்திருக்கு. வாரும்." மேலாளரிடம் தலையிடி என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். ஊதா நிறத்தில் ஒரேயொரு கொத்து. அவர் குனிந்து நெடுநேரம் மணந்தார்.

"அதே மணம்தானே அண்ணை?"

"தெரியாது. தவம் ஒவ்வொரு வருசமும், வந்து மணந்து பாருங்கோ எண்டு கூப்பிடுவா. வாறன் வாறன் எண்டு சொல்லிப்போட்டு டீவி பார்த்துக்கொண்டிருப்பன். ஒருநாளும் போகேல்லை."

பக்கத்தில் நின்றேன்.

என் வீட்டில் நானும் தனிதான். பூத்திருக்கு, வாரும் என்று கூப்பிட இனி எனக்கும் ஆளில்லை. இந்த வெறுமை எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அவர் கூப்பிட்ட அன்று நான் போனேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான்.