டிவி டாக்டரே பரவாயில்லை

இன்று காலை கம்பெனி பஸ் படப்பையைத் தாண்டும்போது, ரேவதி அக்கா போனில் சீரியல் போட்டார். மனநல டாக்டர் ஒருவன், தன்னிடம் சிகிச்சைக்கு வரும் பெண்ணையே காதலிக்கிற கதை. இன்றைக்கு அவள் வீட்டுக்கே போய் நின்றான்.

பஸ்ஸே கொதித்தது.

"நம்பி அழுதவகிட்ட போயி இன்னா வேல பண்றான் பாரு!"

"இவனையெல்லாம் உள்ள தூக்கிப் போடணும்க்கா."

ஜன்னலோரம் இருந்த கலா சொன்னாள்: "அவனாவது வெளிய சொல்லல. நைட் ஷிப்ட்ல படபடன்னு வருதுன்னு நம்ம கம்பெனி மனநல கவுன்சிலர்கிட்ட அழுதேன். மறுநாளே சூப்பர்வைசர், 'இன்னாமா, படபடப்பாமே? அப்போ அடுத்த மாசம் கான்ட்ராக்ட் நீட்டிக்க வேணாமா?'ங்கிறான்."

ரேவதி அக்கா சீரியலை நிறுத்தினார். பிறகு கேட்டார்: "உன்ன யாருடி அங்க போயி வாயத் திறக்கச் சொன்னது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். டிவி டாக்டருக்கு ஜெயில். கலாவுக்கு அறிவுரை. கவுன்சிலரை ஒரு வார்த்தை திட்ட ஆளில்லை.

உங்கள் கேன்டீன் சுவரிலும் 'மனம்விட்டுப் பேசுங்கள்' போஸ்டர் இருக்கிறதா? பேசிய பிறகும் வேலையில் இருப்பவர்கள் கமென்டில் கை தூக்குங்கள்.