மடங்காத கால்

உடைந்தது இடது முழங்கால். பஸ் டிரைவருக்கு அது கிளட்ச் மிதிக்கிற கால். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் வருஷக்கணக்காக பஸ் ஓட்டியவன், கடைசியில் டியூட்டி முடிந்து பைக்கில் வீட்டுக்கு வரும்போதுதான் விழுந்தேன். பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர், சாயங்கால மழை, அவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போது அந்த டிராக்டர்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அன்றைக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை.

ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். முதுநகரில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை. ஹாலில் என் கட்டிலைப் போட்டதும் மற்றவர்களுக்கு நடக்க இடமில்லை. மகள் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்துதான் வேலைக்குக் கிளம்பினாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார்கள். எத்தனை ஆட்டுக்குக் கால் போயும் என் கால் வரவில்லை. கக்கூசுக்குக் கூட்டிப்போவது, குளிப்பாட்டுவது எல்லாம் மனைவி. என் பாரத்தைத் தாங்கித் தாங்கி அவளுக்குக் கழுத்து திரும்பாமல் போனது. அதற்கும் அவள்மேல்தான் எரிந்து விழுந்தேன். கோபமில்லை, அவமானம்.

வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்த சமயத்தில் மகளுக்கு சேத்தியாத்தோப்பிலிருந்து வரன் வந்தது. நல்ல பையன். சிதம்பரத்தில் மண்டபம் என்று முடிவாகி, தட்டு மாற்றிய பிறகு மாப்பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. தாரை வாக்கறதுக்கு மணையில உக்காருவீங்களா?"

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஜோடியாக மணைப்பலகையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். மகளின் கையை மாப்பிள்ளை கையில் அப்பா வைக்க, அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். எங்களுக்கு அதுதான் கல்யாணம், மற்றதெல்லாம் சாப்பாடு. நாற்காலியில் உட்கார்ந்தால் ஆகாதா என்று கேட்டேன்.

"அக்கினிக்கு முன்னாடி ஒசரமா உக்காந்து குடுக்கற பழக்கம் எங்க பக்கம் இல்லீங்க" என்றார். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை.

என் தம்பி உடனே, "அதுக்கென்னண்ணே, நானும் என் வீட்டுக்காரியும் உக்காந்துட்டுப் போறோம்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

ஜோடியில் ஒருவர் உட்கார முடியாவிட்டால் மற்றவரும் உட்காரக் கூடாது. என் கால் மடங்கவில்லை என்றால் பெற்றவள் தள்ளி நிற்பாள், தம்பி மனைவி தண்ணீர் ஊற்றுவாள்.

மறுநாள் காலையில் என் மனைவி அக்கம்பக்கத்து வீடுகளில் மணைப்பலகைகளை வாங்கிவந்து, எங்களுடையதையும் சேர்த்து ஹாலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஸ்டூல் உயரம் வந்தது.

"இதுல உக்காந்து பழகுங்க. பழகப் பழக ஒவ்வொண்ணா எடுத்துடலாம். கடைசியில ஒண்ணுதான மிஞ்சும்?"

பிசியோதெரபி செய்ய வரும் பெண் அதைப் பார்த்துப் பதறினாள். "அங்கிள், எலும்பு இன்னும் முழுசா சேரல. நான் மடக்கற அளவுக்கு மேல மடக்காதீங்க." சரி சரி என்று தலையாட்டினேன். அவள் படி இறங்கியதும் போய் அடுக்கின்மேல் உட்கார்ந்தேன்.

விபத்துக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த நாட்களில்தான். மகள் வேலையிலிருந்து வந்ததும் முதலில் பலகை அடுக்கைத்தான் பார்ப்பாள். ஒன்று குறைந்திருந்தால் தெருமுனைக்குப் போய் ஜாங்கிரி வாங்கி வந்து அம்மா வாயில் திணிப்பாள். ஜவுளி எடுத்தபோது மனைவி தனக்கு அரக்கு நிறத்தில் பட்டு எடுத்தாள். மணையில் உட்கார்ந்தால் போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்றாள்.

பத்திரிகை கொடுத்து முடித்தபோது இரண்டு பலகைகள் மீதி இருந்தன. சுவரைப் பிடித்து இறங்கி உட்கார்ந்து, காலை முடிந்தவரை மடக்கிக்கொண்டு, "அமுக்கு" என்றேன். பயந்தாள். "அமுக்குடி, ஒண்ணும் ஆவாது" என்றேன். இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கினாள். முருங்கைக் கிளை முறிகிற மாதிரி சத்தம். எனக்கு வலி தெரிவதற்கு முன்பே அவள் அலறிவிட்டாள்.

ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு பிளேட் விலகியிருந்தது. மறுபடி ஆபரேஷன். இனி இந்த முட்டி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முகூர்த்தத்தை மாற்ற சம்பந்தி வீட்டில் சம்மதிக்கவில்லை. அதன்பிறகு மனைவி என் காலைத் தொடவே இல்லை. தலைமாட்டில் உட்கார்ந்து கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருப்பாள். நான்தானே அமுக்கச் சொன்னேன் என்று எத்தனை சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை.

கல்யாணத்தன்று மேடை ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி, காலுக்கு ஒரு நாற்காலி. வீடியோக்காரர் வந்துவந்து காலில் இடித்துக்கொண்டு ஸாரி சொன்னார். தாரை வார்க்கும் நேரம் வந்ததும் ஐயர் பழக்கதோஷத்தில், "பொண்ணோட அப்பா அம்மா வந்து உக்காருங்கோ" என்றார். மனைவி ஓர் அடி எடுத்து வைத்தாள், அப்படியே நின்றாள். தம்பியும் அவன் மனைவியும் போய் உட்கார்ந்தார்கள். என் மனைவி தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தம்பி மனைவியின் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். மகள் தலை நிமிர்ந்து அம்மாவைத் தேடினாள். அதற்குள் அரக்குப் பட்டு ஆட்களின் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் மனைவி பலகைகளை அந்தந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். எங்களுடையது மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. எனக்கு மனசு ஆறவில்லை.

"நீ மட்டுமாவது உக்காந்து தாரை வாத்திருக்கலாம். என் காலு போனா போவுது, பெத்தவ நீதான" என்றேன்.

"தாலியறுத்தவளத்தான் மணையில உக்கார விடாம ஓரமா நிக்க வெப்பாங்க" என்றாள். "நீங்க உசுரோட நாற்காலியில உக்காந்து பாத்துட்டு இருக்கறப்பவே நான் அங்க போய் நின்னுட்டேன்."

பிறகு கட்டிலருகே வந்தாள். தலையணையை என் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள், காலில் கை படவில்லை. நானே காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டேன்.