வரிசையில் வைத்த பெட்டி

ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் குளியலறைக்கு ஆள் வரிசை கிடையாது, வாளி வரிசைதான். விடிவதற்கு முன்பே அவனவன் வாளியைக் கொண்டுபோய்க் கதவோரம் வைத்துவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொள்வான். வாளி நின்றால் ஆள் நின்ற கணக்கு. அடுத்தவன் வாளியைத் தொட்டால் அடிதான். நானும் அடித்திருக்கிறேன். பக்கத்து ரூம்காரன் ஒருத்தன் என் வாளியைக் காலால் எத்திவிட்டு அந்த இடத்தில் தன் வாளியை வைத்தான். நின்று நியாயம் பேசுகிற பொறுமையெல்லாம் எனக்கு ஏது? சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தி வாயிலேயே ஒரு குத்து. முன்பல் தெறித்து வாளிக்குள் விழுந்தது. கேம்ப் பாஸ் ஓடிவந்து, போதும் என்று அரபியில் "கலாஸ், கலாஸ்" எனக் கத்தி விலக்கிவிடும் வரை நான் கையை நிறுத்தவில்லை. தப்பு அவன்மேல்தான் என்று கேம்ப்பே சொன்னது.

இந்தப் புத்தியோடுதான் நான் ஐரோப்பாவுக்கு ரயில் ஏறப் போனேன்.

என் மனைவி ஜெர்மனியில் நர்ஸ். பிரசவம் நெருங்கியிருந்தது, எங்களுக்கு அது முதல் பிள்ளை. ஆபரேஷன்தான் என்று சொல்லி நாள் குறித்துவிட்டார்கள். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து அவள் அம்மாவை அனுப்பப் பார்த்தோம், விசா கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. போனில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இங்க தியேட்டருக்குள்ள புருசன விடுவாவ. மயக்க மருந்தெல்லாம் கிடையாது, இடுப்புக்குக் கீழ மரக்க ஊசி மட்டுந்தான். நீங்க என் கையப் பிடிச்சிக்கிட்டு நின்னாப் போதும். எனக்குப் பயமா இருக்கு."

எத்தனையோ பேருக்கு ஊசி போட்டவள் பயமாக இருக்கிறது என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். லீவ் போட்டேன். அகப்பட்டது பாரிஸ் வரைக்கும் விமானம். அங்கிருந்து எல்லை தாண்டிப் போகும் ரயிலைப் பிடித்தால் ராத்திரிக்குள் அவளிடம் போய்விடலாம். மறுநாள் காலையில் ஆபரேஷன்.

எவ்வளவு முன்னால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று ரூமில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. மேல் கட்டில் புதுக்கோட்டைக்காரர் அடித்துச் சொன்னார்: "ஏர்போர்ட்டுக்கே மூணு மணி நேரம் முன்னாடி போறோம். இது நாடு விட்டு நாடு போற ட்ரெயினு. நாலு மணி நேரமாச்சும் வேணும்ப்பு."

மனைவியோ போனில் சிரித்தாள். "அர மணி போதும். உங்க ஏர்போர்ட்டு மாதிரி இல்ல இது. ட்ரெயின் வந்து நின்ன பெறவு போனாலும் ஏறிரலாம்."

"நீ சும்மா கெட. லேட்டாப் போயி ஏர்போர்ட்டு வாசல்ல உக்காந்து அழுத ஆளுவள நான் எத்தன பேரப் பாத்திருக்கேன் தெரியுமா?" என்று கத்திப் போனைக் கட்டிலில் வீசினேன். அவளுக்காகத்தானே போகிறேன், அவளே இளக்காரமாகப் பேசுகிறாளே என்று ஆத்திரம்.

பாரிஸில் இறங்கியதும் வாயில் தண்ணீர்கூட ஊற்றாமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். கையில் கயிறு போட்டு வரிந்து கட்டிய அட்டைப்பெட்டி. உள்ளே ஊரிலிருந்து வரவழைத்த பிரசவ லேகியம், கருப்பட்டி, பிள்ளை பெற்றவளுக்குக் குழம்பு வைக்கப் பால்சுறாக் கருவாடு, பிள்ளைக்கு ஒரு தொப்பி. அங்கே நின்ற ஊழியர் ஒருவரிடம் டிக்கெட்டைக் காட்டியதும் ஒரு கண்ணாடிக் கதவைக் கை காட்டிவிட்டுப் போனார். கதவு பூட்டியிருந்தது. அதன் முன்னால் ஒரு ஈ, காக்கை இல்லை. அட, நான்தான் முதல் ஆள்! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அட்டைப்பெட்டியைக் கதவோடு ஒட்டினாற்போல் வைத்தேன். இடம் போட்டாயிற்று. இனி எவன் வந்தாலும் எனக்குப் பின்னால்தான்.

நேரம்தான் கொட்டிக் கிடக்கிறதே என்று வெளியே போய் ஒரு காப்பி குடித்தேன். வெயில் இதமாக இருந்தது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

சைரன் சத்தத்தில் விழித்தேன். ஸ்டேஷனுக்குள் இருந்த ஜனமெல்லாம் தெருவில் நின்றது. வாசலில் நாடா கட்டியிருந்தார்கள். துப்பாக்கியோடு போலீஸ். எவனோ என்னவோ செய்துவிட்டான், என் பெட்டியை எவனாவது தள்ளி வைத்திருப்பான் என்றுதான் முதலில் தோன்றியது. எட்டிப் பார்த்தேன். கண்ணாடி வழியே தூரத்தில் என் பெட்டி மட்டும் தனியாக நின்றது. தலை முதல் கால்வரை கவசம் போட்ட ஒருத்தர் அதன் பக்கத்திலிருந்து மெல்லத் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

"ஏலேய்! அது என் பெட்டி!" என்று நாடாவைத் தாண்டி ஓடினேன்.

நாலு எட்டு வைத்திருக்க மாட்டேன். பின்னாலிருந்து ஒருத்தன் இடுப்பில் பாய்ந்தான். இன்னொருத்தன் காலைத் தட்டிவிட்டான். முகம் தரையில் மோதி உதடு கிழிந்தது. முதுகில் முழங்கால், கழுத்தில் ஒரு கை, முறுக்கிய முறுக்கில் என் தோள் பிசகியது. திமிறினேன். திமிறத் திமிற இன்னும் அழுத்திக் கையில் விலங்கை மாட்டினார்கள். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. "பாய், மேரா ஹை! பாய், மேரா ஹை!" என்று, அது என்னுடையது என்று சொல்லும் ஷார்ஜா கேம்ப் இந்திதான் வந்தது. அங்கே எவனுக்கு அது புரியும்?

குண்டென்று நினைத்து என் பெட்டிக்கு அவர்களே வெடி வைத்துவிட்டார்கள், டமார் என்று வெடித்தது. என் கன்னத்துக்கு அடியில் தரை அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கருவாட்டு வாடை தெரு முழுக்க வந்தது. முதுகிலிருந்தவன் ஏதோ கேட்டான். நான் அழுதுகொண்டிருந்தேன். வலியில் இல்லை, ஆத்திரத்தில். கை மட்டும் விலங்கில் இல்லாவிட்டால் அத்தனை பேரையும் அடித்துத் துவைத்திருப்பேன். சத்தியமாக.

ஒரு அறையில் உட்கார வைத்து, தமிழ் தெரிந்த ஒருவரைப் போனில் பிடித்துத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஏன் பெட்டியை விட்டுவிட்டுப் போனாய்? "வரிசைக்கு வச்சேன் சார்" என்றேன். போனில் இருந்தவர் "எதுக்கு?" என்று இன்னொரு தரம் கேட்டார். பிறகு அதை அவர்கள் பாஷையில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. விட்டுவிட்டார்கள். அதற்குள் என் ரயில் போயிருந்தது. ராத்திரிக்கு வேறு ரயில் இல்லை. ஸ்டேஷன் சுவரில் என் தலையை நானே முட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மதியம். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்பில் பிள்ளை. பொம்பளைப் பிள்ளை. கிழிந்த என் உதட்டைப் பார்த்தாள், என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"ஸ்டேஷனுக்கு எப்பப் போனிய?"

"நாலு மணி நேரம் முன்னாடி."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பக்கத்தில் வரச் சொன்னாள். குனிந்தேன். ஊசி குத்தாத கையால் என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். தையல் இழுத்திருக்க வேண்டும், அவளே "யம்மா" என்று முனகினாள். அடுத்த கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

"கையப் பிடிக்க ஆளில்லாம, தியேட்டர்ல ஒரு நர்சு கையப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தேன் நான். அவ பேருகூட எனக்குத் தெரியாது."

யார் என்னை அடித்தாலும் திருப்பி அடித்துத்தான் எனக்குப் பழக்கம். அன்று இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு, இன்னொரு அறை விழுந்தாலும் விழட்டும் என்று நின்றேன். அவள் அடிக்கவில்லை. பிள்ளையைத் துணியோடு தூக்கி நீட்டினாள்.

"பிடிங்க. இவளையாவது எங்கயும் வரிசையில வச்சிட்டுப் போயிராதிய."

வாங்கிக்கொண்டேன். தோள் விண்விண்ணென்று தெறித்தது. பிள்ளையை வாங்கித் தொட்டிலில் போட நர்ஸ் இரண்டு தரம் வந்தாள், நான் கொடுக்கவில்லை.