மாமாவின் காதில் விழுந்த காற்று

அப்பாவின் பழைய காருக்கு ஓடத் தெரியும், நிற்கத்தான் தெரியாது. சிவப்பு விளக்கைக் கண்டு நிறுத்தினால் எஞ்சின் ஏறும், இறங்கும், விக்கும், பிறகு அணைந்துவிடும். செவ்வாய்க்கிழமை அரசாங்க வாகனப் பரிசோதனை. அதில் தவறினால் இலக்கத் தகட்டைக் கழற்றிக் கொடுக்கவேண்டும். அப்பாவுக்கு லாங்கன்தால் நகரத்தில் விடிகாலை வேலை, எங்கள் கிராமத்திலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. கார் போனால் வேலையும் போகும்.

கார் திருத்துகிற கராச்காரர், காபரேற்றரையே மாற்றவேண்டும், இந்தப் பழைய காருக்கு அது கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார். கடைசியில் அம்மா தன் தம்பியைக் கூப்பிட்டா. மாமா ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவர். இலங்கையில், ஊரில் கராச் வைத்திருந்தார் என்பது எங்கள் வீட்டுக்குள் மட்டும் கதைக்கிற கதை.

மாமாவுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. சுவிஸில் ஞாயிற்றுக்கிழமை, சத்தம் கேட்கும் என்று வெறும் போத்தல்கூட எறியக்கூடாது. மனுசன் கட்டடத்துக்கு முன்னால் காரை உறுமவிட்டார்! “தம்பி, நிப்பாட்டடா, சனம் பொலிசைக் கூப்பிடப்போகுது” என்று அம்மா ஜன்னலில் நின்று கெஞ்சினா. மாமா கேட்டால்தானே.

அவர் ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை எஞ்சினின் ஒவ்வொரு மூட்டாகக் கொண்டுபோனார். கண்ணை மூடியிருந்தார். ஓரிடத்தில் கை நின்றது. அம்மா உடுப்பு அயன் பண்ணத் தண்ணீர் தெளிக்கிற போத்தலை வாங்கி, அங்கே ஒரே ஒரு தரம் அடித்தார். தண்ணீர் ஏதோ ஓட்டையை அடைத்ததுபோல எஞ்சினின் சத்தம் உடனே மாறியது.

“காத்துக் கள்ளமா உள்ளுக்கு இழுபடுது” என்றார். எஞ்சினில் பொருத்தியிருந்த, சின்ன விரல் தடிப்பான குழாயின் நுனியில் மயிரளவு வெடிப்பு. அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை இழுத்துப் பொருத்தினார். ஒரு திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பினார். கார் நின்ற இடத்தில் பூனைபோல முனகிக்கொண்டு நின்றது. சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் புல்லரித்துப்போனது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்வார்ட் ஏச வந்தவர், வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். தன் தம்பிக்கு கராச் இருக்கிறதாம், இப்படியான ஆளைத்தான் தேடுகிறானாம், இவர் மெக்கானிக்கா என்று கேள் என்றார். எட்டு வயது மொழிபெயர்ப்பாளர் நான்தான். பெருமையில் குதித்துக்கொண்டு கேட்டேன்.

மாமா கையைத் துடைத்தார். “இல்லையெண்டு சொல்லு பிள்ளை. ஏதோ அதிஷ்டத்தில சரிவந்ததெண்டு சொல்லு.”

சொன்னேன். சொல்லிவிட்டு அழுகை வந்தது. வலிய வந்த வேலையை உதறிவிட்டுப் பொய் சொல்லுகிற மாமாவோடு இரண்டு கிழமை கதைக்கவே இல்லை. அதற்கிடையில் கார் பரிசோதனையில் தேறி, அப்பா வழமைபோல விடிய வேலைக்குப் போய் வந்தார். மாமா கோப்பை கழுவப் போனார்.

அகதி விசாரணையில் மாமா தன்னைத் தோட்டம் செய்கிறவர் என்று சொல்லியிருந்தது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். மெக்கானிக் என்றால் ஆருடைய வாகனங்களைத் திருத்தினாய், இயக்கத்தின் வாகனங்களையா என்று கேட்பார்கள் என்ற பயம். சொன்ன சொல் மாறினால் கேஸ் முடிந்தது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவ்வளவும் தெரிந்த மனுசன்தான், அப்பாவின் வேலைக்காக அன்று முழுக் கட்டடமும் பார்க்கக் காரின் பொனட்டைத் திறந்தவர்.