142857-ம் சேகரும்

சென்ற வாரம் திருவையாற்றுப் பக்கம் சித்தப்பாவின் ஒரு ஏக்கரை அவருடைய ஏழு பிள்ளைகளும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். கணக்கு வாத்தியார் ஆயிற்றே என்று என்னையும் வரப்பில் நிறுத்தியிருந்தார்கள். கடைக்குட்டி செல்போனில் ஒன்றை ஏழால் வகுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். புள்ளிக்குப் பின்னால் 142857, மறுபடியும் 142857. அவர்களுக்கு அது பங்கு. எனக்கு வயிறு எரிந்தது. சேகர் ஞாபகத்துக்கு வந்துவிட்டான்.

கும்பகோணத்தில் ஒரு காபிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் டுடோரியல் இருந்தது. நான் கணக்கு, சேகர் இயற்பியல், மலர்விழி தமிழ். கீழே கொட்டை வறுத்தால் மேலே பாடம் நடக்காது. இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் முதலில் மலர்விழி வருகிறாள், பின்னாலேயே சேகரும் வருகிறான். அவனை மட்டும் கழிக்க எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

அவளைச் சிரிக்கவைக்க எனக்கு வேறு வித்தை ஏது? ஒரு மதியம் காலி வகுப்பில் பலகையில் 142857 என்று எழுதினேன். எங்கள் வீட்டில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார்கள், லாபம் என்பார்கள். அந்தப் பழக்கத்தில், ஒன்றால் பெருக்கும்போதே "லாபம்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"என்ன சார், நெல்லா அளக்கறீங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அது போதும் எனக்கு. இரண்டால் பெருக்கினேன், 285714. மூன்றால், 428571. ஆறுவரைக்கும் அதே இலக்கங்கள், வரிசை கலையாமல், தேர் வீதி சுற்றுகிற மாதிரி சுற்றி வந்தன. அவளே சாக்பீஸைப் பிடுங்கிச் சரிபார்த்தாள்.

அப்போதுதான் சேகர் காபி டம்ளரோடு வாசலில் வந்து நின்றான்.

"ஏழால பெருக்கிப் பாத்தீங்களா?"

நான் பார்த்ததில்லை. ஆறுவரை அழகாகத்தானே இருக்கிறது, மேலே எதற்கு என்று விட்டிருந்தேன். அவள் பெருக்கினாள். 999999. கை தட்டினாள். அந்தத் தடியன் அதோடு விட்டானா? "பாதியா ஒடச்சுக் கூட்டுங்க" என்றான். 142-ம் 857-ம் சேர்ந்து 999. என் எண்ணை என் கண்ணெதிரே உடைத்து அவள் கையில் கொடுத்தான். மறு தையில் சுவாமிமலையில் அவர்களுக்குக் கல்யாணம். பந்தியில் நான் பாயசத்தைத் தொடவில்லை.

வரப்பிலிருந்தே மலர்விழிக்குப் போன் போட்டேன். டுடோரியல் மாடியில் இப்போது செல்போன் கடை, கீழே காபிக்கடையும் இல்லை என்றாள். நெல்லை எலக்ட்ரானிக் தராசில் நிறுக்கிறார்கள், லாபம் சொல்ல ஆளில்லை என்றேன் நான். மெதுவாக, அந்த 142857 ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மறக்குமா சார்? அவரு எனக்கு போர்டுல எழுதிக் காட்டுனதாச்சே! ஒண்ணுலேருந்து ஏழு வரைக்கும் அவரே பெருக்கிக் காட்டினாரு."

என் லாபத்தை ஒன்றாக்கி, அதையும் அவனுக்கே கொடுத்துவிட்டாள். பாவி, அதையுமா வாங்கிக்கொண்டான்!

"நீங்ககூட அப்ப அங்க இருந்தீங்கள்ல, சார்?"

"இருந்தேங்க" என்றேன்.